நாளை என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும்

கேள்வி:

எங்கள் மகனுக்கு 9 வயது. 4 வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். ஓரிரு சொற்கள்தான் பேசுவான். நாம் சொல்வதைப் பெரும்பாலும் புரிந்துகொள்வான். காலையில் அதே எவர்சில்வர் தட்டில் மூன்று இட்லி வைக்க வேண்டும், தொட்டுக்கொள்ளச் சர்க்கரை மட்டும்தான். பள்ளிக்கு அப்பாவின் வண்டியில் கோயில் குளத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். தேரோட்டத்துக்காக அந்தச் சாலையை அடைத்திருந்த நாளில் வேறு வழியில் போனபோது, நடுச்சாலையில் படுத்துக் கையைக் கடித்துக்கொண்டு அழுதான். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக மாமியார் சொல்கிறார். பழகட்டும் என்று என் கணவர் அன்று முதல் வேண்டுமென்றே சில நாள் வழியை மாற்றுகிறார், சில நாள் தட்டை ஒளித்து வைக்கிறார். இப்போது அவன் இரவில் சரியாகத் தூங்குவதில்லை. மின்விசிறி சுவிட்சைக்கூட வேறு யாரும் தொடக்கூடாது என்கிறான். ஆறு வாரத்தில் கொழுந்தனாருக்குத் திருமணம். அவனை அழைத்துச் செல்வதா, யாரிடமாவது விட்டுச் செல்வதா? அவனுடைய பழக்கங்களை உடைப்பதா, விட்டுக்கொடுப்பதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலை உங்கள் கணவரும் படிக்கும்படி செய்யுங்கள். படித்த நாளிலிருந்து தட்டை ஒளித்து வைப்பதை அவர் நிறுத்திவிட வேண்டும். மகன் பிற்காலத்தில் எப்படிச் சமாளிப்பான் என்ற தவிப்பில்தான் அவர் இதைச் செய்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. அந்தக் கவலையில் தவறேதும் இல்லை. ஆனால் அவர் எடுத்த வழி எதிர்ப்பக்கம் கொண்டு போகிறது என்பதற்கான சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முன்பு தட்டும் வழியும் மட்டுமே மாறாமல் இருந்தால் போதும் என்றிருந்த பிள்ளை, அவை இரண்டும் எப்போது பறிபோகும் என்று தெரியாத நிலை வந்தபின், மின்விசிறி சுவிட்சையும் தன் காவலில் எடுத்துக்கொண்டிருக்கிறான். ஓரிடத்தில் பிடி நழுவினால் இன்னோர் இடத்தை இறுகப் பற்றிக்கொள்வது மனித இயல்பு. அவனும் அதைத்தான் செய்கிறான்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அன்றாட ஒழுங்கு ஏன் இவ்வளவு முக்கியமாகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். காரணம் புரிந்தால், எதை எப்போது செய்வது என்று என்னைக் கேட்காமலே உங்களால் முடிவு செய்ய முடியும்.

இருட்டில் படியிறங்கும்போது, இன்னும் ஒரு படி இருக்கிறது என்று எண்ணிக் காலை வைத்து, அங்கே தரை இருந்ததால் உடம்பு முழுவதும் ஒரு கணம் தூக்கிவாரிப்போட்ட அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. நம் மூளை ஒவ்வொரு கணமும் அடுத்து வரப்போவதை முன்கூட்டியே ஊகித்துக்கொண்டே இருக்கிறது. ஊகம் பலிக்கும்வரை அதை நாம் உணர்வதே இல்லை. சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும், தெருவில் பால்காரர் மணியடிப்பார், வாசலில் யாரோ கூப்பிடுவார்கள். இவற்றில் எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று மூளை தானாகவே பிரித்துவிடுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014இல் முன்வைத்த கருதுகோளின்படி, ஆட்டிசத்தின் பல கூறுகளுக்கு அடியில் இருப்பது இந்த ஊகிக்கும் திறனில் உள்ள வேறுபாடாக இருக்கலாம். இது இன்னும் ஆராயப்பட்டு வரும் கருத்துதான் என்றாலும், பெற்றோர்களுக்கு இதைவிடத் தெளிவாக நிலைமையை விளக்கும் ஒன்றை நான் கண்டதில்லை. உங்கள் மகனுக்கு ஒரு நாளில் ஒரு முறை அல்ல, பல முறை அந்தக் கடைசிப் படி தவறுகிறது. மாறாத தட்டும் மாறாத சாலையும் அவன் கால்வைக்கும்போது உறுதியாக இருக்கும் படிகள்.

இது நேற்று இன்று கவனிக்கப்பட்டதும் அல்ல. ஆட்டிசத்தை முதன்முதலில் விரிவாக விவரித்தவர்களில் ஒருவரான லியோ கானர் என்னும் மனநல மருத்துவர், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தாம் பார்த்த 11 குழந்தைகளைப் பற்றி 1943இல் எழுதினார். எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும் என்ற பதற்றத்தை அந்தக் குழந்தைகளின் முக்கியமான இயல்பாக அவர் குறிப்பிட்டார். அவர்களில் ஒரு சிறுவனின் குடும்பம் வீடு மாறியது. சாமான்களை ஏற்ற வந்தவர்கள் அவன் அறையிலிருந்த விரிப்பைச் சுருட்டியதைக் கண்டு அவன் வெறிபிடித்தவன்போல் ஆகிவிட்டான். புது வீட்டில் தன் அறைக்கலன்கள் பழைய வீட்டில் இருந்த அதே ஒழுங்கில் வைக்கப்பட்டிருப்பதைக் கண்ட நொடியில் அந்தக் கலக்கம் முழுவதும் நீங்கி, ஒவ்வொரு பொருளையும் வாஞ்சையோடு தட்டிக்கொடுத்துக்கொண்டே சுற்றி வந்தானாம். இந்தக் காட்சியை உங்கள் கணவர் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். வீடு மாறியது என்ற பெரிய மாற்றத்தை அந்தப் பிள்ளை தாங்கிக்கொண்டான். அதற்கு அவனுக்குத் தேவைப்பட்டது, தெரிந்த பொருள்கள் தெரிந்த இடத்தில் இருப்பது மட்டும்தான். மாறாத சில இருந்தால், மாறுகிற பலவற்றைத் தாங்க முடியும்.

ஆகவே உங்கள் மாமியாரிடம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்: இது நீங்கள் கொடுத்த செல்லத்தால் வந்ததல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில், ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற வற்புறுத்தலும், ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவதும் ஆட்டிசத்தை அடையாளம் காணும் அளவுகோல்களிலேயே இடம்பெற்றிருக்கின்றன. மாமியாரிடம் பேசும்போது வாதாட வேண்டாம். விளக்கேற்றும் நேரத்தையும், காலையில் குடிக்கும் முதல் காபியின் சூட்டையும் யாராவது ஒவ்வொரு நாளும் சொல்லாமல் மாற்றினால் அவருக்கு எப்படி இருக்கும் என்று அன்போடு கேட்டுப் பாருங்கள். பேரனுடைய நிலை அதைவிடப் பல மடங்கு கடினமானது என்றாலும், உள்ளே நுழைய அது ஒரு வாசல்.

சாலையில் அவன் படுத்து அழுததை அடம் என்று பார்ப்பதா என்றும் உங்களுக்குள் ஒரு கேள்வி இருப்பதை உணர்கிறேன். அடம் பிடிக்கும் குழந்தை, நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும். கேட்டது கிடைத்ததும் அழுகை நின்றுவிடும். பெற்றோர்கள் மெல்ட்டவுன் என்று சொல்லும் நிலைகுலைவு அப்படிப்பட்டதல்ல. அதில் பார்வையாளர் யாரும் தேவையில்லை. கேட்டதைக் கொடுத்தாலும் உடனே அடங்காது. முடிந்தபின் பிள்ளை களைத்துப்போய் விழும். தன்னையே கடித்துக்கொள்ளும் பிள்ளை யாரையும் மிரட்டவில்லை. அந்த நேரத்தில் அறிவுரையும் பேரமும் அவன் காதில் மேலும் இரைச்சலாகத்தான் விழும். வண்டியை ஓரம் நிறுத்தி, அவன் உடம்புக்கு அடிபடாமல் பார்த்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, ஒரே ஒரு சிறு வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லி, மற்றபடி பேசாமல் காத்திருப்பதே போதும்.

இனி, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உடைப்பது, விட்டுக்கொடுப்பது என்ற இரண்டுக்கும் வெளியே ஒரு வழி இருக்கிறது: பழக்கத்தைக் காப்பாற்றிக்கொடுத்து, அந்தப் பழக்கத்துக்குள்ளேயே மாற்றத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கி, அது எப்போது எப்படி வரும் என்பதை அவன் கண்ணுக்குத் தெரியும்படி முன்னரே காட்டுவது. மாற்றமும் அவனுக்குத் தெரிந்த ஒன்றாகிவிட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும்படி என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. சொல் காற்றோடு போய்விடும். படம் சுவரில் நிற்கும், அவன் வேண்டும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். எரிக் ஷாப்லர் என்பவர் அமெரிக்காவின் வடக்குக் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த பயிற்சி முறையில் பட அட்டவணைக்கு முக்கிய இடம் இருந்தது. இன்று உலகம் முழுவதும் சிறப்பாசிரியர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் பெரிய செலவு எதுவும் செய்ய வேண்டாம். அவனுடைய தட்டு, சீருடை, அப்பாவின் வண்டி, குளம், பள்ளி வாசல், வீட்டுக் கதவு ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, அச்சிட்டு, மேலிருந்து கீழாக ஓர் அட்டையில் ஒட்டுங்கள். ஒன்று முடிந்ததும் அவனே அந்தப் படத்தைக் கழற்றிக் கீழே உள்ள ஓர் உறையில் போடட்டும். நம் வீடுகளில் ஏற்கெனவே ஓர் அருமையான கருவி தொங்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் நாள்தோறும் தாள் கிழிக்கும் காலண்டர். அதைக் கிழிக்கும் வேலையை அவனுக்குக் கொடுங்கள். நேற்று முடிந்தது, இன்று தொடங்கியது என்பதை விரலால் உணர இதைவிட நல்ல வழி இல்லை.

பிறகு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெற்று அட்டை செய்துகொள்ளுங்கள். அட்டவணையில் அந்த நிறம் இருந்தால் அங்கே வழக்கமானது அல்லாத வேறொன்று வரும் என்று பொருள். முதல் இரண்டு வாரங்கள் அந்த அட்டை அவனுக்குப் பிடித்தவற்றை மட்டுமே கொண்டு வர வேண்டும்: மாலை பிஸ்கட்டுக்குப் பதில் ஐஸ்கிரீம், பாடப்புத்தகத்துக்குப் பதில் ஊஞ்சல். ஆரஞ்சு நிறத்தைக் கண்டு அவன் முகம் சுருங்காத நாள் வந்தபின், அவனுக்குப் பெரிதாகப் பிடிக்காத, ஆனால் துன்பம் தராத சிறு மாற்றங்களை அதில் வைக்கலாம். இந்த அட்டையின் பொறுப்பை உங்கள் கணவரிடமே கொடுங்கள். மாற்றத்துக்குப் பழக்க வேண்டும் என்ற அவருடைய ஆசைக்கு இதுதான் சரியான இடம்.

குளக்கரை வழியையும் அவரே கையாளட்டும். பள்ளி நாள்களில் பழைய வழிதான். ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்குப் போகும் அவசரம் இல்லாதபோது, இரண்டாவது வழியின் படத்தைக் காட்டிவிட்டு அவனுக்குப் பிடித்த கடைவரை போய் வரட்டும். அந்த வழிக்கும் ஒரு படம், ஒரு பெயர் இருக்க வேண்டும். சில வாரங்களுக்குப் பின் இரண்டு படங்களையும் நீட்டி எது வேண்டும் என்று அவனையே கேளுங்கள். அடுத்த ஆண்டு தேர் வரும்போது, காலண்டரில் அந்தத் தாளில் ஆரஞ்சு ஒட்டினால் அவனுக்கு விளங்கிவிடும். தட்டைப் பொறுத்தவரை, அதே போன்ற இன்னொரு தட்டை இன்றே வாங்கி இரண்டையும் மாற்றி மாற்றிப் புழங்க விடுங்கள்; ஒன்று தொலைந்தாலும் குடும்பமே திணறும் நிலை வராது. மின்விசிறி சுவிட்சை இப்போதைக்கு அவனிடமே விட்டுவிடுங்கள். அவன் மனம் அமைதியானால் அது தானாகத் தளர வாய்ப்பு அதிகம்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது நம் பேச்சை மாற்றிக்கொள்வது. வெளியே கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதற்காக நாம் "போயிட்டு வரேன்" என்கிறோம். விருந்தாளி அப்படிச் சொல்லிவிட்டுப் போனபின், அவர் வருவார் என்று வாசலிலேயே மணிக்கணக்கில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கிளம்புகிறவரை எங்கே என்று கேட்பது சகுனத் தடை என்பதால் போகுமிடத்தைச் சொல்வதும் நம் வழக்கத்தில் இல்லை. "பார்க்கலாம்", "அப்புறம்", "இன்னும் கொஞ்ச நேரம்" ஆகியவற்றுக்கு நமக்கே அளவு கிடையாது. உங்கள் மகனுக்கு இவை எதுவும் பொருள்படாது. "மூன்று பாட்டு முடிந்ததும் கிளம்புவோம்", "மாமா போகிறார், இன்று திரும்பி வரமாட்டார்" என்று சொல்லப் பழகுங்கள். கடைக்கு என்று சொல்லிப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். ஒரு முறை பொய்த்துப்போன அட்டவணையை அவன் பிறகு எதற்காக நம்ப வேண்டும்?

எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது என்பது உண்மைதான். பராமரிப்புக்காக மின்தடை என்று மின்வாரியம் அறிவிப்பதை முதல் நாளே படத்தில் காட்டிவிடலாம். அறிவிக்காமல் போகும் மின்சாரத்தை என்ன செய்வது? அப்போது, தெரியாதது ஒன்றின் பக்கத்தில் தெரிந்தது ஒன்றை வைக்க வேண்டும். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாது. வரும்வரை இந்த டார்ச்சை வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருப்போம் என்பது தெரியும். ஆட்டிசம் உள்ளவர்களிடம் நிச்சயமின்மையைத் தாங்க இயலாமையும் பதற்றமும் கைகோத்துச் செல்கின்றன என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2011இல் வெளியான, 31 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்த ஓர் அறிக்கையின்படி, ஆட்டிசம் உள்ள குழந்தைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்குக் கண்டறியத்தக்க அளவில் பதற்றக் கோளாறு ஒன்றாவது இருந்தது. ஆகவே அந்த டார்ச்சும் பாயும் உங்களுக்குச் சிறியவையாகத் தோன்ற வேண்டாம்.

திருமணத்துக்கு அவனை அழைத்துச் செல்லுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் முழுத் திருமணத்துக்கும் அல்ல. நம் கல்யாணம் வெளிப்பார்வைக்குத்தான் இரைச்சல். அதன் உள்ளே இருக்கும் வரிசை மாறாதது. முகூர்த்த நேரத்தைக்கூடப் பத்திரிகையிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பத்திரிகையை அவன் காலண்டர் பக்கத்தில் மாட்டி, திருமண நாளின் தாளில் சித்தப்பாவின் படத்தை ஒட்டுங்கள். மண்டபம் காலியாக இருக்கும் ஒரு நாளில் அவனை அழைத்துப் போய், வாசல், மேடை, சாப்பாட்டுக் கூடம், நீங்கள் தங்கப்போகும் அறை ஆகியவற்றை அவன் கண் முன்னாலேயே படமெடுங்கள். வேறொரு திருமணத்தின் காணொளியைக் குறைந்த ஒலியில் காட்டுங்கள். கெட்டிமேளம் அவனுக்கு இடிபோல் விழலாம். ஆனால் அதற்கு முன்பு மேடையிலிருந்து ஒருவர் கையை உயர்த்திச் சைகை காட்டுவார். அந்தக் கை உயர்ந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொள்வதை வீட்டில் விளையாட்டாகப் பலமுறை பழக்குங்கள். ஒலியை மட்டுப்படுத்தும் ஹெட்போன் ஒன்று கையில் இருக்கட்டும். அதையும் ஆறு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பழக வேண்டும்.

மேளக்காரர்களுக்குத் தொலைவாக, வெளிவாசலுக்கு அருகில் இருக்கை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மூத்த மருமகள். மேடையில் உங்களுக்கு வேலை இருக்கும். ஆகவே அன்று அவனுக்கென்று ஒருவர், அவன் நன்கு அறிந்தவர், வேறு எந்தப் பொறுப்பும் இல்லாமல் கூடவே இருக்க வேண்டும். பட்டுச் சட்டையின் சரிகை உறுத்துமானால் பழைய பருத்திச் சட்டையே போதும். புகைப்படத்தில் நன்றாக இல்லை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். இலையில் அவன் சாப்பிடமாட்டான் என்றால் அவனுடைய தட்டும் மூன்று இட்லியும் பையில் வரட்டும். தாலி கட்டியதும் வீடு திரும்புவது என்று அட்டவணையில் இருந்தால், அவன் சிரித்துக்கொண்டே இருந்தாலும், அந்த நேரத்தில் கிளப்பிவிடுங்கள். நன்றாகத்தானே இருக்கிறான், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கட்டும் என்று உறவினர்கள் சொல்வார்கள். அங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் தவறிவிடுகின்றன. முன்னேற்பாடுகளின்போதே அவன் மிகவும் கலங்கினால், தெரிந்த ஒருவரோடு சொந்த வீட்டில் இருக்கட்டும். அதில் யாருக்கும் குறைவில்லை.

பள்ளியையும் மறக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள், மாணவரின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. ஆசிரியர் விடுப்பு, விளையாட்டு விழா ஒத்திகை, தேர்வு நாள் மாற்றம் ஆகியவற்றை முதல் நாள் மாலையே உங்களுக்குத் தெரிவிக்கும்படி எழுத்துமூலம் கேளுங்கள். இதற்குப் பள்ளிக்கு ஒரு ரூபாய் செலவு இல்லை.

ஒன்றை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். தட்டை ஒளித்து வைப்பது நின்று இரண்டு மூன்று வாரங்கள் கழித்தும் தூக்கம் திரும்பாவிட்டாலோ, புதிய கட்டுப்பாடுகள் மேலும் கூடிக்கொண்டே போனாலோ, அவனைக் குழந்தை நல மருத்துவரிடம் காட்டிப் பல், காது, வயிறு மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளையின் வலி, திடீரென்று இறுகும் பழக்கங்களாகவே பல நேரங்களில் வெளிப்படும். கையைக் கடித்துக்கொள்வது அதிகமானால் காத்திருக்க வேண்டாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து பயணம் நீண்டது என்பதால், போவதாக இருந்தால் அந்தப் பயணத்தையும் முன்னதாகவே படமாக ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள்.

திருமணத்துக்கு மறுநாள் மறுவீடு, விருந்து என்று வீடு நிறைந்திருக்கும். அவனுடைய அட்டவணையில் அவற்றில் எதுவும் வேண்டாம். காலண்டர் தாளை அவன் கிழிக்கட்டும், தட்டில் மூன்று இட்லி இருக்கட்டும். பள்ளி விடுமுறையாக இருந்தாலும், அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோயில் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.